அக்காவின் வெள்ளித் தண்ணீர்

அக்காவின் முகத்தில் பரு இருப்பதை முதலில் சொன்னவர் கீர்த்திகன் அத்தான். பிரான்சில் இருந்து, வேலை முடிந்து வந்த கையோடு வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்தவர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

“உதென்ன கன்னத்திலை, குரும்பட்டி காய்ச்ச மாதிரிக் கிடக்கு?”

“இஞ்சத்தை வெக்கைக்குக் குரும்பட்டி மட்டுமே, தேங்காயும் காய்க்கும்” என்று அக்காவும் சிரித்தாள். கதைத்து முடிந்ததும் அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றவள், அன்று பின்னேரத் தேநீருக்கு அறையை விட்டு வரவில்லை.

அவர்களுக்குப் பதிவுக் கலியாணம், எங்கள் சொல்லில் எழுத்து, முடிந்திருந்தது. அத்தான் லீவில் வந்து கையெழுத்து வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். விசா கிடைத்ததும் அக்கா போவாள். தாலி கட்டுவது அங்கே. அதுவரைக்கும் அவருக்கு அக்கா என்றால் தொலைபேசியில் தெரியும் ஒரு முகம்தான்.

எங்கள் வீடு தொண்டைமானாற்றில், ஏரி கடலோடு சேரும் இடத்துக்குக் கிட்ட இருக்கிறது. அப்பா வருடத்தில் பாதி முல்லைத்தீவுப் பக்கம் கடற்கரையில் வாடிக் கொட்டில் போட்டு மீன்பிடித் தொழில் செய்வார். அம்மா கருவாடு போட்டு விற்பாள். உதயகலா அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். புடைவைக் கடையில் வேலை செய்தவள், எழுத்தோடு நின்றுவிட்டாள்.

நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தால் நின்றேன். படிப்பு ஏறவில்லை என்று அம்மா ஆட்களுக்குச் சொல்வாள். படிப்பு ஏறியது. எழும்பி நின்று வாய் திறக்கத்தான் முடியவில்லை. தொண்டை அடைத்துக்கொள்ளும். பிள்ளைகள் மேசையில் தட்டுவார்கள். ஒருநாள் போகாமல் விட்டேன். பிறகு போகவே இல்லை.

என்னோடு கதைப்பது அக்கா மட்டும்தான். எனக்குத் தலை வாரி இழுக்கும்போது என் பங்குக் கதையையும் அவளே கதைப்பாள்.

“தனு, பிரான்சிலை இருந்து உனக்கு என்ன அனுப்ப? ‘ஒண்டும் வேண்டாம் அக்கா.’ ஏன்ரி வேண்டாம்? ‘இஞ்சை நான் அதைப் போட்டுக்கொண்டு எங்கை போறது?’ அதுவும் சரிதான்.”

நான் சிரிப்பேன். எனக்கு அது போதுமாக இருந்தது. அவள் போன பிறகு வீட்டில் அம்மாவும் நானும் கருவாட்டு மணமும்தான் மிஞ்சும் என்பதை நான் யோசிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தேன்.

கனடாவில் இருக்கும் சின்னம்மாவிடம் அக்கா பருவைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். ஊருக்கு வந்த யாரிடமோ சின்னம்மா ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டார். சவர்க்காரக் கட்டி அளவு கறுப்புப் பெட்டி, அதிலிருந்து இரண்டு வயர், வயர் நுனிகளில் இரண்டு வெள்ளிக் கம்பி, மேலே ஒரு சின்ன விளக்கு. கம்பிகளைத் தண்ணீருக்குள் விட்டு மின்சாரம் கொடுத்தால் வெள்ளி நுண்ணிய தூளாகத் தண்ணீரில் இறங்குமாம். சின்னம்மாவின் குரல் செய்தியை அக்கா திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள்.

“பிள்ளை, டிஸ்டில் வோட்டர்தான் விடவேணும், சரியே? ஒரு நாளைக்கு ஒரு கரண்டி. இஞ்சை கனபேர் குடிக்கினம். இரத்தம் சுத்தமாகி முகம் பளிங்கு மாதிரி வரும்.”

டிஸ்டில் வோட்டர் வாகனச் சாமான் கடையில்தான் கிடைத்தது. அக்கா போத்தலை மேசையில் வைத்ததும் அம்மா அதிலிருந்த கார்ப் படத்தைப் பார்த்துவிட்டாள்.

“உது பற்றரிக்கு விடுற தண்ணியெல்லோ! உதைக் குடிச்சிட்டுக் குடல் வெந்து கிடக்கப் போறியே?”

“அது அசிட் இல்லை அம்மா. வெறுந் தண்ணி.”

“வெறுந் தண்ணியை ஆர் போத்தலிலை அடைச்சுக் காருக்கு விக்கிறான்? விசர்க்கதை கதையாதை.”

அம்மா சந்தைக்குப் போன நேரம் பார்த்து அக்கா அந்தத் தண்ணீரில்தான் முதலில் கம்பிகளை விட்டாள். விளக்கு எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. நெடுநேரம் காத்திருந்தோம். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

“மிசின் பழுது போல” என்றாள் அக்கா. முகம் தொங்கிப்போயிற்று.

எங்கள் கிணறு உவர். குளிக்க, உடுப்புத் தோய்க்க மட்டும்தான். குடிப்பதற்குப் பவுசர் வண்டி வந்து தொட்டியில் தண்ணீர் விட்டுவிட்டுப் போகும். ஆனால் வீட்டுக்கு முக்கியமான ஆட்கள் வந்தால் தேத்தண்ணிக்கென்று, உள்ளே செம்மண் பக்கம் இருக்கும் நமசிவாயம் ஐயாவின் தோட்டக் கிணற்றில் தண்ணீர் எடுத்து வருவோம். அத்தான் வந்தபோதும் அதே தண்ணீர்தான். கடற்கரைச் சனத்துக்கு அந்தக் கிணற்றின்மேல் ஒரு மரியாதை. நாக்கில் உப்புப் படாத தண்ணீர் எதற்கும் ஏற்றது, அதைவிடச் சுத்தமானது உலகத்தில் கிடையாது என்பதில் எங்கள் பக்கத்தில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. எனக்கும் இருக்கவில்லை.

சைக்கிளில் தண்ணீர்க் கானைக் கட்டிக்கொண்டு நான்தான் போனேன்.

“ஆர், இளையதம்பியின்ரை ஊமைப்பிள்ளையோ?” என்றார் நமசிவாயம் ஐயா. “எவ்வளவும் அள்ளு. ஆனா ‘ஐயா, தண்ணி’ எண்டு ஒருக்கா வாயாலை கேள் பாப்பம்.”

நான் தலையைக் குனிந்தேன். அவர் சிரித்துக்கொண்டு மோட்டரைப் போட்டுவிட்டார்.

அந்தத் தண்ணீரில் கம்பிகளை விட்டதும் விளக்குப் பளிச்சென்று எரிந்தது. ஒரு கம்பியிலிருந்து சாம்பிராணிப் புகைபோல வெள்ளையாக ஒன்று கிளம்பிச் சுழன்றது. பார்த்துக்கொண்டிருக்கவே கிளாஸ் முழுதும் பால் கலந்த மாதிரி ஆயிற்று. அம்மாவுக்கும் சந்தோசம்.

“பாத்தியே? நல்ல தண்ணியிலைதான் வெள்ளியும் இறங்கும்.”

அக்கா அதைப் படமெடுத்துச் சின்னம்மாவுக்கு அனுப்பினாள். “அப்ப நல்ல ஸ்ட்ரோங்” என்று பதில் வந்தது. ஒரு கரண்டி என்றது அரைக் கிளாஸ் ஆயிற்று. காலையில் அதைச் செய்து வைப்பது என் வேலை. வெயில் பட்டால் நிறம் குறைந்துவிடும் என்று அக்கா வீட்டை விட்டு வெளியே போவதையும் நிறுத்திவிட்டாள்.

பரு குறைந்தது. உண்மையாகவே குறைந்தது. அத்தான் அதைக் கவனித்துச் சொன்ன அன்று அக்கா என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள்.

“உன்ரை கைராசியடி. ‘எல்லாம் உங்கடை முகராசி அக்கா.’ போடி.”

விசா வந்த கிழமையில்தான் அவளுடைய நகங்களைப் பார்த்தேன். என் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். முன்னால் வந்த கையில், நகங்களின் அடியில் வெள்ளையாக இருக்கும் பிறை, நீலம் கலந்த சாம்பல் நிறமாக இருந்தது. ஒரு விரலில் இல்லை, எல்லா விரலிலும். நான் விரலைப் பிடித்துக் காட்டினேன்.

“உடம்பிலை குளிர் ஏறியிருக்கும்” என்று கையை இழுத்துக்கொண்டாள். ஆனிமாத வெயிலில் என்ன குளிர்.

அதற்குப் பிறகு ஒருநாள் பாதி குடித்துக்கொண்டிருக்கும்போது அத்தானின் அழைப்பு வந்தது. கிளாசைக் குசினி யன்னலில் வைத்துவிட்டு அறைக்குள் ஓடினாள். அந்த யன்னலுக்குக் காலை வெயில் நேராக வரும். நான் பாத்திரம் கழுவப் போனபோது கிளாசின் அடியில் படிந்திருந்த வெள்ளை, வெள்ளையாக இல்லை. ஊதாவும் சாம்பலுமாகக் கறுத்திருந்தது. வெயில் விழுந்த பக்கம் கூடுதலாக, விழாத பக்கம் குறைவாக. அந்த நிறத்தை எனக்குத் தெரியும். அக்காவின் நகத்தில் பார்த்த நிறம்.

நான் அதைக் கழுவவில்லை. பயமாக இருந்தது. ஆனாலும் நிச்சயமாகத் தெரியாமல் எப்படிச் சொல்வது? அம்மா கருவாடு விற்கப் போன பிறகு மூன்று கிளாஸ் எடுத்தேன். ஒன்றில் வீட்டுக் கிணற்று உவர்த்தண்ணீர். ஒன்றில் நமசிவாயம் ஐயாவின் தண்ணீர். ஒன்றில் அலுமாரிக்குப் பின்னால் கிடந்த பற்றரித் தண்ணீர். ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பியை விட்டேன்.

உவர்த்தண்ணீருக்கு விளக்கு கண்ணைக் கூசும்படி எரிந்தது. கம்பி போன உடனே தண்ணீர் தயிர் கரைத்ததுபோலத் தடித்தது. நல்ல தண்ணீர் வழக்கம்போலப் பாலாயிற்று. பற்றரித் தண்ணீர் அப்படியே தெளிவாக நின்றது. மூன்றையும் வெயிலில் வைத்தேன். உவர்த்தண்ணீர் கிளாஸ் முதலில் கறுத்தது, மிகவும் கறுத்தது. நல்ல தண்ணீர் அதற்குப் பிறகு, அதைவிடக் கொஞ்சம் குறைவாக. மூன்றாவது மாறவே இல்லை.

அப்போது விளங்கியது. விளக்கை எரிய வைத்ததும் தண்ணீரை வெள்ளையாக்கியதும் உப்பு. நல்ல தண்ணீரிலும் உப்பு இருக்கிறது, எங்கள் நாக்குக்குத் தெரியாத அளவில். எங்கள் நாக்குக்கு உவர் பழகிவிட்டதால் அதைவிடக் குறைந்தது எல்லாம் எங்களுக்கு இல்லாததுபோல. மிசின் பழுது என்று நாங்கள் நினைத்த தண்ணீரில்தான் அது செய்ய வேண்டியபடி மெல்லமாக வேலை செய்திருக்கிறது. சத்து என்று அக்கா குடித்தது உப்போடு சேர்ந்து கட்டிப்பட்ட வெள்ளி. அது உடம்புக்குள் போய்த் தோலில் தங்கி வெயிலுக்குக் காத்திருக்கிறது.

ஆவணியில் சந்நிதி முருகன் கோயிலில் தேர். விசா வந்தால் அக்கா தேருக்குப் பின்னால் அடியழிப்பாள் என்று அம்மா நேர்ந்திருந்தாள். ஒவ்வொரு அடிக்கும் விழுந்து கும்பிட்டு எழும்பிக் கோயில் வீதியைச் சுற்ற வேண்டும். தேர் வெளியே வந்தால் நல்ல வெயில். இத்தனை மாதமும் நிழலில் வைத்த முகம் அன்றைக்கு முழு வெயிலில் இருக்கும்.

அந்தக் கிளாஸ்களுக்கு முன்னால் குந்தியிருந்தபோது ஒரு யோசனை வந்தது. முகம் இப்படி ஆகிவிட்டால் அத்தான் என்ன செய்வார்? வேண்டாம் என்பார். அக்கா போகமாட்டாள். என் தலையை வாரி இழுத்துக்கொண்டு, என் பங்கையும் கதைத்துக்கொண்டு இங்கேயே இருப்பாள். நான் வாயைத் திறக்கத் தேவையில்லை, வழக்கம்போல இருந்தால் போதும். யோசனை அவ்வளவுதான். ஆனால் அது அவ்வளவு வேகமாக வந்ததுதான் என்னைப் பயப்படுத்தியது. எழும்பி ஓடிப்போய் அக்காவின் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

“என்னடி? பாம்போ?”

கிளாஸ்களைக் காட்டினேன். அவளுக்கு விளங்கவில்லை. இந்தமுறை என் பங்கை அவளால் கதைக்க முடியவில்லை. நான்தான் சொல்ல வேண்டும்.

“அக்கா, குடியாதேங்கோ” என்றேன். “நல்ல தண்ணியிலையும் உப்பு இருக்கு. உது வெய்யில் பட்டால் கறுக்குது. உங்கடை நகம்... முகமும் உப்பிடி வரும்.”

அவள் கிளாசையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். முகம் மெல்ல இறுகியது.

“இவ்வளவு நாளும் வாய் திறவாதனீ. விசா வந்த உடனை மட்டும் உனக்குக் கதை வந்திட்டுதோ?”

“இல்லை அக்கா...”

“நான் போறது உனக்குப் பொறுக்கேல்லை. எனக்குத் தெரியும். தண்ணி கொண்டு வந்ததும் நீ, காலமை காலமை செய்து தந்ததும் நீ. இப்ப நான் கறுக்கப் போறன் எண்டு வந்து நிக்கிறாய்.”

நான் நினைத்ததை அவள் எப்படிக் கண்டுபிடித்தாள் என்று தெரியவில்லை. தொண்டை திரும்ப அடைத்துக்கொண்டது. அவள் மூன்று கிளாசையும் முற்றத்தில் ஊற்றிவிட்டு அறைக் கதவைச் சாத்தினாள்.

அடுத்த நாள் காலையில் நான் தண்ணீர் எடுக்கப் போகவில்லை. அம்மா ஏசினாள். “சைக்கிள் என்ன செத்துப்போச்சோ?” அக்கா கேட்கவும் இல்லை, பெட்டியைத் தொடவும் இல்லை. கண் வீங்கியிருந்தது. தொலைபேசியில் என்னவோ தேடிப் பார்த்திருக்கிறாள் என்று விளங்கியது. உடுத்து வெளிக்கிட்டு, குடையை எடுத்து, வாசலில் நின்று என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

“வெளிக்கிடு. யாழ்ப்பாணம் போறம்.”

பஸ்சில் யன்னல் பக்கம் என்னை இருத்திவிட்டு நிழல் பக்கம் அவள் இருந்தாள்.

தோல் வைத்தியர் ஒரு பெண். அக்காவின் விரல்களை வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லிப் பல் முரசைப் பார்த்தார்.

“எந்தத் தண்ணியிலை செய்தனீங்கள்?”

“நல்ல தண்ணிதான் டொக்டர்.”

“கிணத்துத் தண்ணியோ?”

அக்கா தலையாட்டினாள். வைத்தியர் அவளுடைய கையை விட்டார்.

“இஞ்சத்தைக் கிணத்துத் தண்ணி முழுக்கச் சுண்ணாம்பும் உப்பும். தேத்தண்ணிக்கு நல்லது. உதுக்குக் கூடாது.”

“அப்ப டிஸ்டில் வோட்டரிலை செய்தால்?”

“அப்பவும் குடிக்கிற சாமானில்லை, தங்கச்சி. கிணத்துத் தண்ணியிலை செய்தது இன்னும் மோசம், அவ்வளவுதான். ஒரு வருத்தத்துக்கும் உது மருந்தில்லை.”

“நகம் பழையபடி வருமோ?”

“வராது. உள்ளை போன வெள்ளி போன இடத்திலை இருக்கும். முகத்திலை இன்னும் பெரிசாத் தெரியேல்லை. வெய்யிலிலை திரியாத படியாலை தப்பியிருக்கிறீங்கள். இனி ஒரு சொட்டும் குடியாதையுங்கோ. வெய்யில் படவும் விடாதையுங்கோ.”

வெளியே வந்ததும் அக்கா குடையை விரித்தாள். எனக்கும் சேர்த்துப் பிடிப்பாள் என்று நினைத்தேன். அவளுக்கு அந்த ஞாபகமே இல்லை. பஸ் நிலையத்தில் ஒரு கடையில் நகப்பூச்சு வாங்கினாள், கடும் சிவப்பில்.

“ஆருக்கும் சொல்லாதை” என்றவள், பிறகு தன் பாட்டில், “நீ ஆரோடை கதைக்கிறாய், சொல்ல” என்றாள்.

அம்மாவிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. அம்மா பெட்டியைத் தூக்கிக் குப்பையில் எறிந்தாள், சின்னம்மாவைத் திட்டினாள், அழுதாள். ஆனால் தேர்க் கிழமை வந்ததும் நேர்த்தி நினைவுக்கு வந்துவிட்டது.

“நேந்ததை விடேலாது பிள்ளை. முருகனிட்டைக் கேட்டு வாங்கின விசா. முகத்தை மூடிக்கொண்டெண்டாலும் செய்.”

“முகத்தை மூடிக்கொண்டு அடியழிக்கிறதோ? சனம் என்ன கேக்கும்?”

“கேட்டால் என்ன? நேத்தி நேத்திதான்.”

இருவரும் உரக்கக் கதைத்தார்கள். அக்கா அழத் தொடங்கினாள்.

“நான் செய்யிறன்” என்றேன்.

அவர்கள் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் இன்னும் ஒருமுறை சொல்ல வேண்டியிருந்தது.

தேரன்று மணல் கொதித்தது. நனைந்த சேலையோடு பெண்கள் கூட்டத்தில் விழுந்து எழும்பிக்கொண்டு போனேன். அம்மா தண்ணீர்ப் போத்தலோடு பக்கத்தில் நடந்தாள். “உது இளையதம்பியின்ரை கடைசியெல்லோ, கதைக்காத பெட்டை” என்று யாரோ சொன்னார்கள். “தமக்கைக்கு விசா, இவள் விழுந்து எழும்புறாள். மூத்தவளுக்கு என்னவாம்?” என்று இன்னொருத்தி கேட்டாள். அம்மா, “காய்ச்சல்” என்றாள். விழுந்து கிடக்கும்போது ஒருவரின் முகமும் தெரியாது, மணல் மட்டும்தான். எனக்கு அது வசதியாக இருந்தது. அக்காவின் முகம் கறுக்கக் கூடாது என்பதைத் தவிர வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவள் போகக் கூடாது என்று கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து படுத்திருந்தபோது அக்கா வந்து பக்கத்தில் இருந்தாள். முழங்கால் தோல் உரிந்திருந்த இடத்துக்கு மருந்து பூசினாள். ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அவளும் சொல்லத்தான் பார்த்தாள் என்று நினைக்கிறேன். சொல்லாமலே மருந்துக் குப்பியை மூடிக்கொண்டு எழும்பிவிட்டாள்.

போகும் நாளில் வான் வண்டி வாசலில் வந்து நின்றது. அப்பா வாடியிலிருந்து வந்திருந்தார். அக்கா எல்லாரையும் கட்டிப்பிடித்து அழுதாள். என்னையும் கட்டிப்பிடித்தாள். அவளுடைய கூந்தல் என் வாயில் பட்டது. வான் புறப்பட்ட பிறகு அப்பா கடற்கரைக்குப் போனார், அம்மா மீனுக்கு உப்புப் போடப் போனாள்.

இப்போது பின்னேரங்களில் பிரான்சிலிருந்து வீடியோ அழைப்பு வரும். அம்மா தொலைபேசியை முகத்துக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு, என்ன சமைத்தாய், மெலிந்துவிட்டாய், அத்தான் எங்கே என்று கேட்பாள். நான் பின்னால் நிற்பேன். கதையைக் கேட்பதில்லை. நெற்றி, கண்ணுக்குக் கீழே, மூக்கின் ஓரம், காதின் மடல் என்று ஒவ்வொரு இடமாகப் பார்ப்பேன். சில நாள் விளக்கு வெளிச்சத்தில் முகம் சாம்பலாகத் தெரியும். இன்னும் கிட்டப் போய்ப் பார்ப்பேன். அவள் தலையைத் திருப்பியதும் பழைய நிறம் வரும்.

நேற்று அவள் யன்னலுக்குப் பக்கத்தில் இருந்து கதைத்தாள். பகல் வெளிச்சம் நேராக முகத்தில் விழுந்தது. நன்றாகப் பார்த்தேன். எங்கேயும் மாறவில்லை. கன்னத்தில் ஒரு புதுப் பரு இருந்தது.

“தனு, சாப்பிட்டியே?” என்று கேட்டாள்.

“ஓம்” என்றேன்.

அவள் தொலைபேசியைக் கொஞ்சம் கிட்டக் கொண்டுவந்து என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவிடம் அங்கே மீன் விற்கும் விலையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள்.